ஒற்றை அறையில் பிறந்த இன்ஜினியர்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது நான் சைட்டில் இருந்தேன். ரீயூனியன் மலருக்கு மெஸ் சாம்பார் ஜோக்கும் ஹாஸ்டல் பேய்க் கதையும் போதுமான அளவுக்கு வந்துவிட்டதாம். கொஞ்சம் உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடு என்று உத்தரவு. உபயோகமாக எழுதும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஆனால் உபயோகமாக வாழ்ந்த ஒரு இன்ஜினியர் பிறந்த வீட்டை ஒரு தடவை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டையும் அந்த மனிதரையும் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டு, நம்ம கேன்டீன் மரத்தடியில் உட்கார்ந்து பேசிய மாதிரி இருந்தது என்று நினைத்தீர்களானால் எனக்கு அதுவே போதும்.

2018-இல் எங்கள் கம்பெனி மூன்று மாத டிரெயினிங்குக்காக என்னை இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் நியூகாசிலுக்கு அனுப்பியது. குளிர், மழை, தனிமை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ரூமில் உட்கார்ந்து ரசப்பொடி பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. ஒரு ஞாயிறு, சரி எங்கேயாவது போவோம் என்று கிளம்பி ரயில் ஏறினேன். மேற்கே கொஞ்ச தூரத்தில் வைலம் என்று ஒரு சின்ன ஸ்டேஷன். 1835-இல் திறந்த ஸ்டேஷன் அது. இன்னும் வண்டி நின்று போகிறது. இறங்கி, டைன் நதிப் பாலத்தைத் தாண்டி, ஊருக்குக் கிழக்கே நதியோரப் பாதையில் நடந்தால் அந்த வீடு வரும்.

கல் வீடு. பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. நம்ம ஊரில் சாலையோரம் இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். 1760 வாக்கில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டியது. ஒரே வீட்டில் நான்கு குடும்பங்கள், குடும்பத்துக்கு ஒரு அறை. அதில் கீழ்த்தளத்து அறை ஒன்றில்தான் 1781 ஜூன் 9-ஆம் தேதி ஜார்ஜ் ஸ்டீபன்சன் பிறந்தார். ரயில்வேயின் தந்தை என்று ஆறாம் வகுப்பிலிருந்து நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அதே ஸ்டீபன்சன்தான்.

நான் உள்ளே போகவில்லை. வெளியிலிருந்தே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி என்ன பார்த்தாய் என்று கேட்பீர்கள். அதைச் சொல்வதற்கு முன்னால் என் வீட்டைப் பற்றி நாலு வரி சொல்லியாக வேண்டும்.

லைன் வீட்டுப் பையன்

நான் பிறந்தது கோலார் தங்கவயலில். எங்கள் அப்பா அங்கே அண்டர்கிரவுண்டில் டிம்பர் வேலை. சுரங்கத்துக்குள்ளே பாறை இறங்காமல் மரத்தால் முட்டுக் கொடுக்கும் வேலை அது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம் எங்கள் ஊருடையது. நாங்கள் இருந்தது லைன் வீடு. வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. சமைப்பது, படிப்பது, படுப்பது எல்லாம் ஒரே அறையில். நைட் ஷிஃப்ட் முடித்து அப்பா பகலில் தூங்கினால், நாங்கள் பாடத்தை வாய்விட்டுப் படிக்கக் கூடாது. ஷிஃப்ட் சங்கு ஊதுவதுதான் எங்களுக்குக் கடிகாரம்.

2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். நான் ஆறாம் வகுப்பு. அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு குடியாத்தம் பக்கம் சொந்த ஊருக்கு வந்துவிட்டார். அங்கே அரசுப் பள்ளியில், தமிழ் மீடியத்தில் படித்து, கவுன்சலிங்கில் நம்ம காலேஜுக்கு வந்து சேர்ந்தேன். முதல் செமஸ்டர் வைவாவில் நான் பேசிய இங்கிலீஷைக் கேட்டு லேப் முழுக்கச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. பதில் சரிதான். அதைச் சொன்ன பாஷைதான் தகராறு. அன்று ராத்திரி பெட்டியைக் கட்டிவிட்டேன். ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணன் கட்டிய பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு, தினமும் ஒன்பது மணிக்குத் தன் ரூமுக்கு வா என்று சொன்னார். அவர் இந்த ரீயூனியனுக்கு வந்திருக்கிறார். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார்.

இந்தக் கணக்கோடுதான் வைலம் வீட்டு வாசலில் நின்றேன். இனி அவர் கதை.

படிக்கத் தெரியாத வீடு

ஸ்டீபன்சனின் அப்பா ராபர்ட், வைலம் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் நீராவி இயந்திரத்துக்குக் கரி போடும் ஃபயர்மேன். அம்மா பெயர் மேபல். இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் அளவுக்குக் கூலியும் வரவில்லை. வீட்டு வாசலை ஒட்டியே மரத் தண்டவாளம் ஒன்று போனது. அதன் மேல் குதிரைகள் கரி வண்டிகளை இழுத்துக்கொண்டு நதித்துறைக்குப் போகும். குழந்தைகள் வண்டியில் அடிபடாமல் பார்த்துக்கொள்வது மூத்த பிள்ளைகளின் வேலை. உலகத்துக்கு ரயில் கொடுத்தவர் கண் திறந்து பார்த்த முதல் காட்சிகளில் ஒன்று தண்டவாளம் என்று சொன்னால் அது அலங்காரம் இல்லை, நிஜம்.

சின்ன வயதில் ஒரு விதவையின் மாடுகளை மேய்த்தார். அவை வண்டிப் பாதையில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாள் கூலி 2 பென்ஸ். அப்புறம் கரியிலிருந்து கல்லையும் மண்ணையும் பொறுக்கும் வேலை, 6 பென்ஸ். பதினாலு வயது வாக்கில் அப்பாவுக்கே அசிஸ்டென்ட் ஃபயர்மேன், ஒரு ஷில்லிங். பதினேழு வயதில் நியூபர்ன் பக்கம் ஒரு சுரங்கத்தில் பம்ப் இயந்திரத்தைக் கவனிக்கும் ஆளாக ஆனபோது, அப்பாவைவிட ஒரு படி மேலே வந்துவிட்டார். வேலை இல்லாத சனிக்கிழமைகளில் மற்றவர்கள் கடைப்பக்கம் போக, இவர் இயந்திரத்தைப் பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டுவாராம். அவருடைய ஒர்க்‌ஷாப் பிராக்டிகல் அதுதான். ரெக்கார்டு நோட்டு மட்டும்தான் கிடையாது.

ஆனால் ஒரு இடத்தில் முட்டியது. ஜேம்ஸ் வாட் என்பவர் இயந்திரத்தில் புதிது புதிதாக ஏதோ செய்திருக்கிறாராம், அது புத்தகத்தில் இருக்கிறதாம். புத்தகத்தை எப்படிப் படிப்பது? பதினெட்டு வயதில், பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு, வாரத்தில் மூன்று ராத்திரி இரவுப் பள்ளிக்குப் போனார். வாரக் கட்டணம் 3 பென்ஸ். பத்தொன்பதில் தன் பெயரைத் தானே எழுதினார். கணக்கு வேகமாக வந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஸ்லேட்டில் கணக்குப் போடுவார். இன்ஜினியரிங் படிப்பில் அரியர் வைத்துக் கவலைப்படுகிற தம்பிகள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். உலகத்தின் பெரிய இன்ஜினியர்களில் ஒருவர் பதினெட்டு வயதில் அரிச்சுவடியில் இருந்தார்.

அடி மேல் அடி

1802-இல் ஃபேனி ஹென்டர்சன் என்ற பெண்ணை மணந்தார். 1803-இல் மகன் ராபர்ட் பிறந்தான். கூலி போதாமல் ராத்திரியில் செருப்பு தைத்தார், கடிகாரம் ரிப்பேர் செய்தார். அடுத்து கில்லிங்வொர்த் சுரங்கத்தில் வேலை கிடைத்து வெஸ்ட் மூர் என்ற இடத்தில் குடியேறினார்கள். 1805-இல் பிறந்த பெண் குழந்தை மூன்று வாரத்தில் இறந்தது. 1806-இல் மனைவியும் காசநோயில் போய்விட்டார். இருபத்தைந்து வயசுகூட ஆகவில்லை, கையில் ஒரு சின்னப் பையன். மகனை விட்டுவிட்டு ஸ்காட்லாந்தில் ஒரு ஆலைக்கு வேலைக்குப் போனார். திரும்பி வந்தபோது அப்பா சுரங்க விபத்தில் கண் பார்வை இழந்திருந்தார். சேர்த்துக் கொண்டுவந்த பணம் அப்பாவின் கடனுக்கும், பட்டாளத்துக்குத் தனக்குப் பதில் இன்னொரு ஆளை அனுப்புவதற்கும் கரைந்து போனது. அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிடலாமா என்று யோசித்தார். கப்பல் கூலிக்குக் காசில்லை. இல்லாமல் போனதும் நல்லதாயிற்று. சகோதரி எலினார் வந்து குழந்தையை வளர்த்தார்.

1811-இல்தான் காற்று இவர் பக்கம் திரும்பியது. கில்லிங்வொர்த்தில் புதுக் குழி ஒன்றில் வைத்த பம்ப் இன்ஜின் மாதக்கணக்கில் தண்ணீரை இறைக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. பெரிய பெரிய ஆட்கள் வந்து பார்த்துக் கைவிட்டுப் போனார்கள். ஸ்டீபன்சன் பார்த்தார், பிரித்தார், மாற்றினார், சில நாளில் குழி காய்ந்தது. அடுத்த வருஷம் 1812-இல் சுரங்கத்தின் இயந்திரங்களுக்கெல்லாம் பொறுப்பாளராக ஆக்கினார்கள். வருஷச் சம்பளம் 100 பவுண்டு.

வெஸ்ட் மூர் வீடும் இன்னும் நிற்கிறது. முதலில் ஒரு அறையும் மேலே ஒரு பரணும்தான். வருமானம் வர வர இவரே அறை அறையாகச் சேர்த்து நாலு அறை வீடாக ஆக்கினார். வாசலுக்கு மேலே ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. 1816 ஆகஸ்ட் 11 என்று தேதி வெட்டியது. அப்பாவும் மகனும் சேர்ந்து கணக்குப் போட்டுச் செய்தது. பையனை நியூகாசிலில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். பையன் கழுதை மேல் ஏறிப் பள்ளிக்கூடம் போவான், அங்கே படித்ததை ராத்திரி அப்பாவுக்குச் சொல்லிக் கொடுப்பான். மகன் கொண்டுவந்த பாடத்தில் அப்பா படித்தார். அந்தச் சூரியக் கடிகாரத்தைத்தான் நான் இரண்டு பேருடைய பட்டச் சான்றிதழ் என்று சொல்வேன்.

விளக்கு வழக்கு

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான கட்டம்.

நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வாயு கசியும். விளக்கில்லாமல் வேலை நடக்காது, விளக்கு இருந்தால் வெடிக்கும். 1812 மே 25-ஆம் தேதி பக்கத்து ஃபெல்லிங் சுரங்கத்தில் வெடித்து 92 பேர் செத்தார்கள். அதில் சின்னப் பையன்களும் உண்டு. லண்டனில் பிரபல விஞ்ஞானி சர் ஹம்ஃப்ரி டேவியிடம் இந்தப் பிரச்சினையைக் கொண்டுபோனார்கள். அதே சமயம் கில்லிங்வொர்த்தில் ஸ்டீபன்சன் தானாகவே முயன்று கொண்டிருந்தார். கெமிஸ்ட்ரி தெரியாது. சுரங்கத்தில் வாயு எரிவதைப் பக்கத்திலிருந்து பார்த்த அனுபவம்தான். காற்று சின்னச் சின்னத் துளைகள், குழாய்கள் வழியாக மட்டும் உள்ளே போகும்படி ஒரு விளக்கு செய்தார். குறுகலான உலோக வழியில் ஜுவாலை சூடிழந்து அணைந்துவிடும், வெளியே தாண்டாது. டேவி வந்து சேர்ந்ததும் ஏறக்குறைய அதே தத்துவத்துக்குத்தான். அவர் நுண்ணிய கம்பி வலையை உபயோகித்தார்.

1815 அக்டோபர் 21-ஆம் தேதி ஸ்டீபன்சன் தன் விளக்கை எடுத்துக்கொண்டு, வாயு கசியும் இடத்துக்குச் சுரங்கத்துக்குள்ளே போனார். கூட வந்தவர்கள் தூரத்தில் நின்றுவிட்டார்கள். இவர் மட்டும் எரிகிற விளக்கோடு வாயு வரும் வாய்க்கு அருகே போனார். தப்பாகியிருந்தால் அவரோடு குழியும் போயிருக்கும். வெடிக்கவில்லை. டேவி தன் விளக்கை ராயல் சொசைட்டிக்கு அறிவித்தது இதற்குப் பிறகு, நவம்பரில்.

பரிசு யாருக்கு? டேவிக்கு 2,000 பவுண்டு. ஸ்டீபன்சனுக்கு 100 கினி. அது மட்டுமில்லை. படிக்காத ஒரு சுரங்க மெக்கானிக்கால் இப்படி ஒரு பொருளைக் கண்டுபிடிக்கவே முடியாது, டேவியிடமிருந்து திருடியிருப்பார் என்று பேசினார்கள். அவர் பேசியது நார்தம்பர்லாண்ட் பேச்சு. லண்டன்காரர்களுக்குப் புரியாத, சிரிப்பு வரவழைக்கிற பேச்சு. அந்தப் பேச்சுக்குள்ளே இருந்த விஷயம் அவர்கள் காதில் ஏறவில்லை. நியூகாசில் ஜனங்கள் விடவில்லை. அவருக்காகச் சபை கூட்டி, வசூல் செய்து 1,000 பவுண்டு கொடுத்தார்கள். கடைசியில் 1833-இல் பாராளுமன்றக் கமிட்டி விசாரித்து, இருவருக்கும் சமமான உரிமை உண்டு என்று முடிவு சொன்னது. பதினெட்டு வருஷம் கழித்து. வடகிழக்குச் சுரங்கங்களில் அவர் விளக்கையே வெகுகாலம் உபயோகித்தார்கள். அதற்கு ஜியார்டி விளக்கு என்று பெயர்.

வைவா ஹாலில் நடுங்கிக்கொண்டு நின்ற ஒரு பையனுக்கு இந்தக் கதை என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தண்டவாளம்

ஒரு தவறான எண்ணத்தையும் திருத்திவிடுகிறேன். நீராவி ரயில் இன்ஜினை முதலில் செய்தது ஸ்டீபன்சன் இல்லை. கார்ன்வால்காரர் ரிச்சர்ட் ட்ரெவிதிக் 1804-லேயே வேல்ஸில் ஓட்டிக் காட்டிவிட்டார். வைலமிலேயே, இவர் பிறந்த வீட்டு வாசல் பாதையில், வில்லியம் ஹெட்லியின் பஃப்பிங் பில்லி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீபன்சன் 1814 ஜூலை 25-இல் ஓட்டிய முதல் இன்ஜின் ப்ளூகர், 30 டன் கரியை ஏற்றத்தில் மணிக்கு 4 மைல் வேகத்தில் இழுத்தது. நாம் நடக்கிற வேகம்தான். அவருடைய பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. இன்ஜினைத் தனியாகப் பார்க்காமல், தண்டவாளம், சரிவு, பாலம், சக்கரம், எடை எல்லாம் சேர்ந்த ஒரே இயந்திரமாக ரயில்வேயைப் பார்த்தார்.

1825 செப்டம்பர் 27-ஆம் தேதி ஸ்டாக்டன் - டார்லிங்டன் ரயில்வே திறந்தது. லோகோமோஷன் இன்ஜினை அவரே ஓட்டினார். 2025-இல் அதற்கு 200 வருஷம் ஆயிற்று. அந்த லைனுக்குத் தண்டவாளம் வாங்கும்போது ஒரு காரியம் செய்தார். வார்ப்பிரும்புத் தண்டவாளத்தில் அவருக்கே பங்கு இருந்த பேடன்ட் ஒன்று உண்டு. அதை வாங்கியிருந்தால் லாபம் அவர் பைக்கு. ஆனால் பெட்லிங்டன் ஆலையின் தேனிரும்புத் தண்டவாளம்தான் உடையாது என்று அதைச் சிபாரிசு செய்தார். டெண்டர் கமிட்டியில் உட்கார்ந்திருக்கும் நம்ம பேட்ச் நண்பர்கள் இதை ஒரு தடவை படித்தால் போதும். நான் எதுவும் சொல்லவில்லை.

சறுக்கலும் உண்டு. அதே 1825-இல் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில்வே மசோதாவுக்காகப் பாராளுமன்றக் கமிட்டி முன் நிறுத்தினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார். சர்வே லெவல்கள் தப்பு. நிலச் சொந்தக்காரர்கள் சர்வே ஆட்களை உள்ளே விடாமல் விரட்டியது உண்மை. ஆனால் உதவியாளர்கள் எடுத்த லெவலை அவர் சரிபார்க்கவில்லை என்பதும் உண்மை. பேச்சையும் கேலி செய்தார்கள், கணக்கையும் கேலி செய்தார்கள். மசோதா விழுந்தது, வேலையும் போயிற்று. இந்த முறை கேலியில் பாதி நியாயம் இருந்தது. லெவல் புக்கில் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை நாமே ஸ்டாஃப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

1826-இல் மசோதா இரண்டாம் தடவை நிறைவேறியதும் அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். நடுவில் சாட் மாஸ் என்ற சதுப்பு நிலம். கொட்டுகிற மண்ணையெல்லாம் விழுங்கும். அடியில் கெட்டித் தரை தேடாமல், புதர்ச் செடிகளையும் சுள்ளிக் கட்டுகளையும் பரப்பி, அதன் மேல் தண்டவாளத்தை மிதக்கவிட்டார். இன்றைக்கும் அதன் மேல் ரயில் ஓடுகிறது. 1829 அக்டோபரில் ரெய்ன்ஹில் போட்டி. மகன் ராபர்ட் நியூகாசில் ஒர்க்‌ஷாப்பில் கட்டிய ராக்கெட் ஜெயித்து 500 பவுண்டு பரிசு வாங்கியது. பாய்லருக்குள் 25 செப்புக் குழாய்களை விட்டால் சூடேறும் பரப்பு கூடும் என்ற யோசனையைக் கொடுத்தவர் ஹென்றி பூத் என்ற ரயில்வே அதிகாரி. 1830 செப்டம்பர் 15-ஆம் தேதி லைன் திறந்தது. அன்றைக்கே வில்லியம் ஹஸ்கிசன் என்ற எம்.பி. ராக்கெட்டில் அடிபட்டு இறந்தார். கொண்டாட்டமும் துக்கமும் ஒரே நாளில்.

இன்னொரு சின்ன விஷயம். கில்லிங்வொர்த் கரி வண்டிகளின் சக்கர அகலத்தைத்தான் அவர் தன் ரயில்களுக்கும் எடுத்துக்கொண்டார். பிறகு வளைவில் சிக்காமல் இருக்க அரை இன்ச் சேர்த்து 4 அடி 8½ இன்ச், அதாவது 1,435 மில்லிமீட்டர் ஆயிற்று. உலக ரயில் பாதைகளில் பாதிக்கு மேல் இன்று அந்த அளவுதான். நம்ம பிராட்கேஜ் 1,676 மில்லிமீட்டர், அது வேறு. ஆனால் சென்னை மெட்ரோவும் பெங்களூர் மெட்ரோவும் ஓடுவது 1,435-இல். குதிரை இழுத்த கரி வண்டியின் அளவில்தான் நீங்கள் ஏர்போர்ட்டுக்குப் போகிறீர்கள்.

கடைசிக் காலத்தில் செஸ்டர்ஃபீல்ட் பக்கம் டாப்டன் ஹவுஸ் என்ற பெரிய வீட்டில் இருந்தார். தோட்டத்தில் அன்னாசி, திராட்சை போட்டார். வெள்ளரிக்காய் கோணலாக வளர்கிறதே என்று கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு நேராக வளர்த்தார். இன்ஜினியர் புத்தி எங்கே போகும்! 1847-இல் மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்துக்கு முதல் தலைவர். 1848 ஆகஸ்ட் 12-இல், 67 வயதில் காலமானார். 1990-இலிருந்து 2003 வரை இங்கிலாந்தின் 5 பவுண்டு நோட்டில் அவர் படம் இருந்தது. 2 பென்ஸ் கூலிக்கு மாடு மேய்த்தவர்.

அந்த வீடு எதற்கு?

டாப்டன் ஹவுஸ் பெரிய வீடு. ஆனால் நான் தேடிப் போனது வைலம் வீட்டைத்தான். அது இன்று நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பின் கையில் இருக்கிறது. வாசலில் இருந்த மரத் தண்டவாளம் போய், இரும்புப் பாதை வந்து, அதுவும் 1968-இல் மூடி, இப்போது நடைபாதையும் சைக்கிள் பாதையும் ஆகிவிட்டது. பாதையும் வீடும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே இருப்பதுதான் அதன் மதிப்பு. வீட்டை மட்டும் பெயர்த்து மியூசியத்தில் வைத்திருந்தால், வாசலில் குதிரை வண்டி போன கதை புரிந்திருக்காது.

வாசலில் நின்றபோது எனக்குத் தோன்றியது வேறு. அந்த வட்டாரத்தில் இப்படித் தொழிலாளர்களுக்குக் கட்டிய வீடுகள் ஏராளமாக இருந்திருக்கும். யாரும் அவற்றைக் காப்பாற்றவில்லை. இது பிழைத்தது ஸ்டீபன்சன் பெயரால். ஆனால் பிழைத்த பிறகு அது அவருடைய வீடு மட்டும் இல்லை. மற்ற மூன்று அறைகளில் இருந்த மூன்று குடும்பங்களின் வீடும்தான். ஒரு அறைக்குள் எத்தனை பேர் படுத்தார்கள், ஜன்னல் எவ்வளவு பெரிசு, சுவர் எவ்வளவு தடிமன் என்பதை எந்தப் புத்தகத்தையும்விட அந்தக் கல் நன்றாகச் சொல்லும். மாளிகைக்குப் படம் வரைந்து வைக்க ஆள் உண்டு. கூலிக்காரன் வீட்டுக்கு அந்த வீடேதான் சாட்சி. அது இடிந்தால் சாட்சி போச்சு.

ஊருக்கு வந்து போட்டோவை அப்பாவிடம் காட்டினேன். ரயில், ராக்கெட் எல்லாம் சொன்னேன். அதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் எத்தனை குடும்பம் என்றுதான் முதலில் கேட்டார். நாலு என்றேன். தண்ணீர் எங்கே பிடிப்பார்கள், பகலில் தூங்குகிறவனுக்கு இடம் எங்கே என்று அடுத்தடுத்துக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. போட்டோவை ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

போன வருஷம் அவரைக் கூட்டிக்கொண்டு தங்கவயலுக்குப் போனேன். மாரிக்குப்பம் ரயிலில்தான். சயனைட் மேடு அப்படியே இருக்கிறது. எங்கள் லைனில் சில வீடுகள் விழுந்துவிட்டன. எங்கள் வீட்டில் இப்போது வேறு குடும்பம். அனுமதி கேட்டு, காபி குடித்து, டேப்பை எடுத்து அளந்தேன். ஒரு முனையை அப்பா பிடித்தார். அறை, வாசல், ஜன்னல், அடுப்பு மூலை, சுவரின் தடிமன் எல்லாம் எடுத்தேன். அப்பா, அம்மா, நாங்கள் மூன்று பிள்ளைகள் யார் யார் எங்கே படுத்தோம் என்பதை அப்பா காலால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். அதையும் ப்ளானில் குறித்திருக்கிறேன். ஸ்கேலுக்கு வரைந்த அந்த ஷீட் எங்கள் வீட்டு ஹாலில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறது. என் டிகிரி சர்டிபிகேட்டுக்குப் பக்கத்தில்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சர்வே கேம்ப் முடிந்ததும் டேப்பையும் லெவலையும் ஸ்டோரில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். உங்கள் ஊரில் ஒரு நெசவாளர் வீடு, உப்பளத் தொழிலாளர் குடிசை, கல் உடைப்பவர் வீடு, பழைய ரயில்வே கேட் கீப்பர் வீடு ஏதாவது ஒன்று விழக் காத்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அளந்து வரைந்து, அந்த வீட்டுக்காரர் சொல்வதையும் எழுதி, நம்ம லைப்ரரியில் ஒரு காப்பி கொடுங்கள். வீட்டைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் அளவையாவது காப்பாற்றலாம். ஃபைல் போடுவதற்கு ஒரு பீரோ வாங்கிக் கொடுக்க எங்கள் பேட்ச் தயார். பணம் வசூல் செய்து வைத்திருக்கிறோம், செக்ரட்டரியிடம் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. இந்த வருஷமும் முதல் செமஸ்டர் வைவாவில் யாரோ ஒரு பையன், யாரோ ஒரு பெண், சரியான பதிலைத் தப்பான இங்கிலீஷில் சொல்லிவிட்டு நிற்கும். சிரிக்காதீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு உங்கள் ரூம் கதவைத் திறந்து வையுங்கள். எனக்கு ஒருவர் திறந்து வைத்தார்.

மத்தியானச் சாப்பாட்டுப் பந்தியில் சந்திப்போம். அப்பாவும் வந்திருக்கிறார், வந்து பேசுங்கள்.